கொட்டகையில் ஒரு ராணுவ லாரி

ராணுவ வண்டி பச்சை நிறத்தில் இருக்கும் என்பது நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றிவிட்ட தவறான கருத்து. நாட்டின் நலன் கருதி அதை இங்கேயே திருத்திவிடுகிறேன். மரக்காணத்தில் அது துரு நிறத்தில் இருக்கும். உப்பளக் காற்று இரண்டு கோடை வீசினால் போதும், எந்தப் பச்சையும் காணாமல் போய்விடும்.

எழுபதுகளில் அந்த ஊரில் நான் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தேன். வருகிறவர் கேட்கும் சாமான் இருக்காது. இருக்கும் சாமானை யாரும் கேட்க மாட்டார்கள். இதுதான் அந்தத் தொழில். பழைய வண்டி வைத்துச் சீரழிந்த அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டே வண்டி

என் நண்பர் ஏழுமலை உப்பளக்காரர். பட்டாளத்து ஏலத்தில் ஒரு லாரி எடுத்து வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. நிறுத்த இடமில்லாததால் மாட்டுக் கொட்டகையில் ஏற்றினார். மாடு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. அவர் மனைவி சரோஜாவுக்கு அந்த மாட்டின் மேல் உயிர். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

அந்த ஆயுத பூஜைக்கு ஏழுமலையின் லாரியும் என் பழைய ராணுவ ஜீப்பும் சந்தைத் திடலில் சந்தனம் குங்குமத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஊரே வந்து பார்த்தது. நான் ஒரு பலகையில் 'ராணுவ வாகனக் கண்காட்சி' என்று எழுதி வைத்தேன். கண்காட்சிக்குக் குறைந்தபட்சம் இத்தனை பொருள் வேண்டும் என்று எந்த அகராதியும் விதிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து ஏழுமலைக்குப் பெருமை தாங்கவில்லை. சரோஜா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்கண்ணா. ஒருத்தனாவது ஓட்டிக்கினு போறானா பாருங்க."

மீன் எண்ணெய்

அடுத்த வருடம் திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜீப்புகள் வந்தன. குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தொட்டி வைத்த பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் வேட்டியோடு வந்து இறங்கினார். பரிசு உண்டு என்று அறிவித்திருந்தோம். தீர்ப்புச் சொல்ல பிரம்மதேசத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரை அழைத்திருந்தோம்.

துருவை எப்படி மறைப்பது என்று ஏழுமலை யோசித்தார். அனுமந்தையில் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். படகு தாங்கினால் லாரி தாங்காதா? ஒரு டின் வாங்கி, தலை முதல் கால் வரை பூசிவிட்டார். லாரி கண்ணாடிபோல் மின்னியது. வெயில் ஏறியதும் நாற்றமும் ஏறியது. ஊரிலுள்ள பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சக்கரங்களைச் சுற்றி உட்கார்ந்தன. பானெட்டின் மேல் காக்கைகள். ரசிகர்கள் மரியாதையான தூரத்தில் நின்றார்கள்.

சுபேதார் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு லாரியை ஒரு சுற்று வந்தார். முதல் பரிசு எவர்சில்வர் குடத்தை ஏழுமலைக்கே கொடுத்தார். காரணம் கேட்டோம். "நான் எத்தனையோ பட்டாளத்து வண்டி பாத்திருக்கேன். இவ்ளோ காவலோட எதையும் பாத்ததில்ல."

குடம் நல்ல கனமாக இருந்தது. அதை முன்னிட்டு, லாரி கொட்டகையில் இருக்க சரோஜா ஒரு வருடம் தவணை கொடுத்தார்.

தள்ளு

மூன்றாம் வருடம் திடல் போதவில்லை. பலூன்காரர் வந்தார், சர்பத் கடை வந்தது. வெற்றி பெற்ற விழா என்பதற்கு இவற்றைவிட நம்பகமான சான்று எனக்குத் தெரியாது. ஏழுமலையின் லாரி மட்டும் தானாக வரவில்லை. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் போய்விட்டது. பார்க்க வந்தவர்களே கொட்டகையிலிருந்து திடல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாடு இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருந்தது. லாரியைத் தள்ளி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சரோஜா தீர்ப்பு வழங்கினார்: "அடுத்த பூஜைக்கு இது தானா ஓடி வரணும். இல்லன்னா மறுநாளே காயலான் கடைக்காரன் வருவான். நான் சொல்லி வெச்சிட்டேன்."

மழை

ஏழுமலைக்காக எங்கெங்கோ எழுதிப் போட்டு ஒரு பம்ப் வரவழைத்தேன். அது வேறு வண்டிக்கு உரியது என்பது எனக்குத் தெரியும்; அவருக்கும் தெரியும். அரத்தால் கொஞ்சம் ராவி மாட்டினோம். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பிப் பார்க்கும் துணிச்சல் இருவருக்குமே வரவில்லை.

பூஜை அன்று காலை மழை பிடித்துக்கொண்டது. திடலுக்கு வந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் உட்கார்ந்தன. அந்த நேரத்தில்தான் வேப்பமரத்தடியில் நிறைசினையாக நின்ற மாட்டுக்கு வலி எடுத்தது. கன்றின் கால் மடங்கிச் சிக்கிக்கொண்டது. மாட்டு டாக்டர் இருப்பது பிரம்மதேசத்தில். சாலைமேல் தண்ணீர் ஓடுகிறது, பஸ் நின்றுவிட்டது. சரோஜா நனைந்துகொண்டே மாட்டின் தலையைப் பிடித்திருந்தார். ஏழுமலையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஏழுமலை போய் சாவியைத் திருப்பினார். லாரி ஒரு தடவை இருமியது. பிறகு கிளம்பியது. பம்புக்குப் பொறுப்பாளி என்ற முறையில் நானும் ஏறிக்கொண்டேன். போகும்போது தண்ணீர் லாரியின் படிக்கட்டுவரை வந்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிட்டது திரும்பும்போதுதான். நடுவில் டாக்டர் குடையை விரித்தபடி உட்கார்ந்திருந்தார், ஏனென்றால் கூரை ஒழுகியது.

நாங்கள் கிளம்பிய மறுகணமே சரோஜா மாட்டைக் கொட்டகைக்குள் கொண்டுபோயிருந்தார். டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து ஈரமாக ஒரு கன்று வைக்கோலில் விழுந்தது, தும்மியது. ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சற்றுப் பொறுத்து ஏழுமலை, லாரியை இனி எங்கே நிறுத்துவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சரோஜா கன்றைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "வெளியவே நிக்கட்டும். பட்டாளத்துல இருந்து வந்ததுதானே, மழையில நிக்கத் தெரியும்."

மறுநாள் சொன்னபடி காயலான் கடைக்காரர் வந்தார். சரோஜா அவரிடமிருந்து லாரியை மூட ஒரு பழைய தார்ப்பாய் வாங்கினார்.