அப்பா நிறுத்தாமல் வாசித்த பாட்டு

அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் சொந்தபந்தங்கள் எல்லோரும் லாரியைத்தான் சொல்வீர்கள். இந்த ஓராண்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னீர்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் மகள் என்கிற உரிமையில் நான் கிட்டாரைப் பற்றி எழுதப் போகிறேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் அப்பா கிட்டார் கற்கிறார் என்று கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்த பெரியப்பாவும் இதைப் படிக்க வேண்டும்.

அப்பா மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சங்ககிரிக்கு வந்து லாரியில் கிளீனரானார், டிரைவரானார், பிறகு ஒரே ஒரு லாரிக்குச் சொந்தக்காரரும் ஆனார். அதற்குப் பிறகும் ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுக்கவில்லை. நான் பிறந்தபோது அவர் நாக்பூர் ரோட்டில் இருந்தார். தம்பி பிறந்தபோது இன்னும் வடக்கே எங்கேயோ. குடி கிடையாது, யாரையும் கடிந்து ஒரு சொல் கிடையாது. கோபம் வந்தால் எழுந்து போய் வண்டியைக் கழுவுவார். எங்கள் லாரி சில வாரங்களில் பளபளவென்று இருக்கும்.

அவர் ஊரில் இல்லாத நாட்களில் அம்மா எங்களைத் தாலாட்டுப் பாடித் தூங்க வைப்பார். அம்மாவே கட்டிய பாட்டு. எனக்கும் தம்பிக்கும் அதில் முதல் நாலு அடிதான் தெரியும், அதற்குள் தூங்கிவிடுவோம். அப்பாவுக்கு அந்த நாலு அடியும் தெரியாது. வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான், தம்பி மகளுக்கு அம்மா அதைப் பாடியதை முதன்முதலாகக் கேட்டார். குழந்தை கண் மூடியதும் அம்மா நிறுத்திவிட்டார்.

"ஏம்புள்ள, இப்படியொரு பாட்டு நம்ம ஊட்டுல இருந்துச்சா?"

"நீங்க எங்கீங்க ஊட்டுல இருந்தீங்க?" என்றார் அம்மா.

"மிச்சத்தையும் பாடு, கேக்கறேன்."

"இந்த வயசுல உங்களுக்குத் தாலாட்டா? அக்கட்டால போங்க."

"நான் வாசிச்சா பாடுவியா?"

"வாசிங்க, அப்பறம் பாக்கலாம்."

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே, தம்பி கல்லூரிக் காலத்தில் வாங்கிப் பரணில் போட்டிருந்த கிட்டாரை இறக்கித் தூசி தட்டிவிட்டார். கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. லாரியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டிப் பழகிய கை அல்லவா? தார்ப்பாய்க்கு முறுக்குவது போல முறுக்கினார். மெல்லிய கம்பி டப்பென்று அறுந்து தாடையில் கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டோடுதான், எங்கள் தெருவில் மாடியில் குடியிருந்த ஜெனிபர் டீச்சரிடம் போய் நின்றார். டீச்சர் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர், அப்பாவுக்கு மகள் வயது. அவர் புதுக் கம்பி மாட்டி, ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு ஏற்றி இறக்குவதைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "அட, டயரைத் தட்டிக் காத்துப் பாக்கற வேலைதானுங்களா இது!" என்றார். அன்றிலிருந்து சுருதி சேர்ப்பதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

மற்றதெல்லாம் சிரமம்தான். டீச்சர் பல வாரங்கள் பாட்டுப் பக்கமே விடவில்லை. நிமிர்ந்து உட்கார வேண்டும், கட்டை விரலைக் கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும், கம்பிகளுக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு ஒட்டினாற்போல் விரல் நுனியால் அழுத்த வேண்டும், ஒவ்வொரு கம்பியும் கரகரக்காமல் பேச வேண்டும். விரல் நுனிகள் சிவந்து வீங்கின. "ஸ்டியரிங் புடிச்சுக் கையெல்லாம் காய்ச்சுக் கெடக்குது. வேணுங்கற எடத்துல மட்டும் இல்ல பாரு அம்மிணி" என்று என்னிடம் விரலை நீட்டுவார். விருந்தாளிகள் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னால், "இப்பத்தான் சேசிஸ் நேராயிருக்குது. பாடி கட்ட நாளாகும்" என்பார். சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடிக்குக் கார்டு என்று பெயர்; ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாறுவதை மட்டும் தினமும் காலையில் காபி ஆறும் வரை செய்துகொண்டிருப்பார். வீட்டில் எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

பிறகு தாலாட்டு தொடங்கியது. இரண்டே கார்டுதான். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. ஒரு விரல் பிசகினாலும் அப்பா நிறுத்திவிடுவார். மன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அம்மா இரண்டாம் அடியைத் தாண்டியதே இல்லை. "இதென்ன வம்பு, புள்ளைகளே இதுக்கு மேல வரைக்கும் முழிச்சிருக்குமுங்க" என்று எரிச்சலோடு எழுந்து போய்விடுவார். பாட்டின் மிச்சத்தைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று அப்பா ஒருநாள் வாய்விட்டே சொன்னார். மூச்சுத் திணறல் அப்போதே தொடங்கியிருந்தது.

டீச்சர் கண்டித்தார். "தப்பு போனாப் போகட்டுமுங்க ஐயா. எடது கை தடுமாறினாலும் வலது கை நிக்கக் கூடாது."

"அதெப்படீங்க டீச்சர்? கயிறு தளந்துச்சுன்னா வண்டிய ஓரங்கட்டி மறுபடி முழுசாக் கட்டோணுமுங்க. லோடு சரிஞ்சா பின்னால வாரவன் கதி என்னாகறது?"

"இங்க பின்னால யாரும் வரலீங்க. கூடப் பாடறவங்கதான் இருக்காங்க. நீங்க நின்னா அவங்களும் நிக்கோணும்."

அப்பா அடுத்த நாளிலிருந்து இடது கையால் கம்பிகளை லேசாக மூடிக்கொண்டு, வலது கையால் தாளம் மட்டும் தட்டினார். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. அம்மா தோசை வார்க்கும்போதும் அந்தச் சத்தம், துணி மடிக்கும்போதும் அந்தச் சத்தம். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பாட, அப்பா வாசித்தார். மூன்றாம் அடியில் விரல் நழுவி ஒரு கார்டு அசிங்கமாகக் கரகரத்தது. போச்சுடா என்று நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்பாவின் முகம் சுருங்கியது. ஆனால் வலது கை நிற்கவில்லை. அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார், பாட்டை விடவில்லை. நாலாம் அடியும் முடிந்தது. அதற்கு மேல் எங்களில் யாரும் கேட்டதில்லை.

"சங்ககிரி மேடு தாண்டிச் சத்தமொண்ணு கேக்குது,
உங்கொப்பன் வண்டிதான், ஊட்டுக்குத்தான் வருது."

அம்மாவின் குரல் உடைந்தது. அப்பா தாளத்தை விடாததால் அம்மாவும் பாடி முடித்தார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. எத்தனை வருடம் பக்கத்திலேயே படுத்திருந்தும் இந்த அடியைக் கேட்காமல் தூங்கியிருக்கிறேன்!

"தெனமும் இதப் பாடுனியா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாங்க. நீங்க வார வரைக்கும்."



அதன் பிறகு அப்பா சில மாதங்களே இருந்தார். சேலத்து மருத்துவமனையில் அவர் விரல்கள் போர்வை மேல் அசைவதைப் பார்த்த சிஸ்டர், "கை நடுங்குதுங்களா ஐயா?" என்று கேட்டார். "இல்லீங்க சிஸ்டர், கார்டு மாத்திப் பாக்கறேன்" என்றார். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

கடைசி நாட்களில் அப்பாவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த டிரைவர் நண்பர்களுக்கும், சமைத்துப் போட்ட தெருவாருக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஜெனிபர் டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அவரிடம் இப்போது நான் படிக்கிறேன்.

இன்று அப்பாவின் முதலாண்டுப் படையல் முடிந்ததும் அம்மா அந்தத் தாலாட்டைப் பாடுவார். நான் வாசிப்பேன். அந்த இரண்டு கார்டே எனக்கு இன்னும் ஒழுங்காக வரவில்லை, தப்பு நிச்சயம் வரும். பெரியப்பா சிரித்தாலும் சரி, அப்பா வண்டி ஊட்டுக்கு வந்து சேரும் வரை நிறுத்த மாட்டேன்.