பாண்டுரங்கன் போட்ட பதில் மெயில்

செஞ்சிக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் சாலமனைத்தான் கூப்பிடுவார்கள். அனந்தபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் கசப்பு. எந்த மெஷினாக இருந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். பழசை அழித்துவிட்டுப் புதுசாகப் போடுவார். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அழிந்ததில் என்ன இருந்தது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் பிழைப்பு நடக்குமா?

விஜயதசமி காலையில் விதைக் கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. அங்கே மெயிலுக்கென்று தனி சர்வர் ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. சாலமன் வைத்துக்கொடுத்ததுதான். ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களை நிறுத்திப் பொட்டு வைத்தாலும் அதை மட்டும் ஓடவிடச் சொல்லியிருந்தார். இந்த வருஷம் முதலாளியம்மா, அது மட்டும் என்ன பாவம் பண்ணியது, அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்று அதையும் நிறுத்திச் சந்தனம் தடவிவிட்டார். மறுநாள் பொரியைக் கூட்டித் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் போட்டால், நான்கு மேஜையிலும் மெயில் வரவில்லை.

சாலமன் வந்து, நெட்வொர்க்கில் சர்வருக்கு உள்ள எண்ணைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்தது. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, மூன்று மேஜைகளில் மெயில் அக்கவுண்டை அழித்துப் புதுசாகப் போட்டார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. நான்காவது மேஜைக்கு வந்தால் பாண்டுரங்கன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முப்பது வருஷமாக அங்கே ஆர்டர் எழுதுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன்.

"இதுல கை வைக்காத சாலமன். எம்புள்ள போட்ட மெயிலு இதுக்குள்ளதான் இருக்குது" என்றார்.

மகன் நெடுமாறன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டான் என்று, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனை வீட்டைவிட்டுத் துரத்தியவர் இவர். எங்கே இருக்கிறான் என்று தெரியாது, போன் நம்பர் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், விதைப் பையில் அச்சடித்திருக்கும் முகவரிக்கு அவன் ஒரே ஒரு மெயில் போட்டான். நைனா, நல்லா இருக்கியா, ஒரு வார்த்தை எழுது என்று. இவர் எழுதவில்லை. வீம்பு! ஆனால் தினமும் காலையில் அதைத் திறந்து ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஆர்டர் நோட்டைத் தொடுவார். நல்ல காரியம் தொடங்குகிற நாளாயிற்றே, இந்த விஜயதசமிக்குப் பதில் போட்டுவிடுவது என்று குளித்து முழுகி ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

சாலமன் பின்வாங்கினார். சர்வரில் இடம் போதாது என்று, மெயில் மேஜைக்கு வந்ததும் சர்வரில் அழிந்துவிடும்படி அமைத்தவரே அவர்தான். இந்த மேஜையிலும் அழித்தால் அந்தப் பையன் போட்ட மெயில் உலகத்தில் எங்கேயும் இருக்காது. மற்ற மூன்று பேரிடமும் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளே என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். பழைய பில்கள்தான் என்றார்கள். அப்பாடா என்றிருந்தது.

அழிக்கக்கூடாது என்றானபிறகு யோசிக்க வேண்டியதாயிற்று. படிக்கு அடியில் தரையிலேயே உட்கார்ந்தார். ஆபீஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அதை இன்டர்நெட் பெட்டி பிரித்துக் கொடுக்கும். பதினோரு வருஷம் நிற்காமல் ஓடிய சர்வர் தன் எண்ணை விடாமல் வைத்திருந்தது. ஒரு நாள் நிறுத்தியதும், அந்த எண் புதுப் பிரிண்டருக்குப் போய்விட்டது. இத்தனை நேரம் பதில் சொன்னது பிரிண்டர்! எண்ணை அன்றைக்கே நிரந்தரமாகப் பதிந்து வைக்காதது யார் தப்பு? சாலமன் தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். எண்ணை மீட்டுச் சர்வருக்கே கொடுத்து, இனி மாறாதபடி பதிந்தார். நான்கு மேஜையிலும் மெயில் வந்து இறங்கியது.

பாண்டுரங்கன் ஒற்றை விரலால் நான்கு வரி அடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அனுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு மெயில் வந்தது. மனுஷனின் முகம் மலர்ந்தே போயிற்று. இங்கிலீஷில் இருந்ததால் சாலமனைப் படிக்கச் சொன்னார்.

சாலமன் இரண்டு தடவை படித்தார். நெடுமாறன் எழுதியது ஏதோ ஒரு கம்பெனியின் முகவரியிலிருந்து. அந்தப் பெயரில் இப்போது இங்கே யாரும் இல்லை என்று அந்தக் கம்பெனியின் மெஷின் திருப்பி அனுப்பியிருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்துச் சொன்னார்.

பாண்டுரங்கன் திரையைச் சாலமன் பக்கம் திருப்பினார்.

"நம்ம பக்கம் ரிப்பேரு ஏதாச்சும் பாக்கி இருக்குதா? நல்லா பாத்து சொல்லு."

ஆமாம் என்று சொல்லிவிட சாலமனுக்கு நாக்கு வரை வந்தது. எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான். இவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

"இல்லண்ணே. நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குது."

"அவன் மெயிலு போட்டதுலேருந்து ரெண்டு வருசமா இது நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி" என்றார் பாண்டுரங்கன்.