வார்னெக்கின் வலப்பக்கம்

வில்மா ட்ரெகியருக்கு ஆட்டம் நடக்கும்போது உட்காரத் தெரியாது. பந்தைக் கையிலெடுத்தும் காலால் உதைத்தும் ஆடும் காற்பந்துக் குழுவான பிரின்டன் நாரைகள் கழகத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வந்தாள். சீட்டில் இருக்கை எண் அச்சடித்திருந்தது. அந்த இருக்கையில் அவளுடைய தேநீர்க் குடுவைதான் உட்காரும். அவள் மைதான வேலியோரம், வரிசையின் வலதுகோடியில் நிற்பாள். இடதுபக்கத்தில் கார்த் பென்ஹால், அவனுக்கு அப்பால் ஸ்பைரோ. கார்த் டிராம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்பைரோ மீன் வறுவல் கடை வைத்திருந்தான். சனிக்கிழமைகளில் கடையை மச்சான் தலையில் கட்டிவிட்டு வந்துவிடுவான்.

ஐம்பத்தொன்பது வயதில் வில்மா பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு முறை போடும் வேலையில் இருந்தாள். விடியற்காலையில் தொலைபேசியில் அழைத்து உடம்பு சரியில்லை என்பவர்களில் எவனுக்கு நிஜமாகவே காய்ச்சல், எவனுக்கு முந்தின நாள் பீர் இன்னும் இறங்கவில்லை என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணையும் காதையும் சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுவருவாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கும். அந்த ஆண்டு நோட்டு முழுவதும் ஒரே பையனைப் பற்றியது.

ஜெட் வார்னெக். இருபது வயது. மேற்கே மாட்டுப் பண்ணைகள் நிறைந்த ஊரிலிருந்து, இளம் ஆட்டக்காரர்களைக் கழகங்களுக்குப் பங்கிடும் தேர்வில் நாரைகள் ஏழாவதாக எடுத்து வந்த நடுக்களக்காரன். முதல் ஆண்டில் ஆறே ஆட்டங்கள். ஆனாலும் பத்துப் பேர் குவிந்து கிடக்கும் இடத்திலிருந்து பந்தை உருவிக்கொண்டு வெளியே வந்த விதத்தைப் பார்த்து வேலியோரம் சிலிர்த்துப் போனது. இரண்டாம் ஆண்டில் சராசரியாக ஆட்டத்துக்கு இருபது முறை பந்து அவன் கைக்கு வந்தது. இது மூன்றாம் ஆண்டு. இந்த ஆண்டு பூ காயாக வேண்டும். காய்க்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து எண்ணிக்கை பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது என்று இறங்கியது. பின்னாலிருந்து யாராவது வந்து கட்டிப் பிடித்துச் சாய்த்துவிடுவார்கள். பந்து எதிரிக்குப் போய்விடும்.

ரசிகர்களுக்கு இணையத்தில் ஓர் அரட்டைத் தளம் இருந்தது. அதில் 'வார்னெக் தேறுவானா?' என்ற தலைப்பில் நாற்பது பக்கத்துக்கு மேல் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. வில்மா அங்கே 'தென்கோடி' என்ற பெயரில் ஞாயிறு தோறும் எழுதுவாள். ஆளை யாருக்கும் தெரியாது. ஆனால் தென்கோடி சொன்னால் சரியாக இருக்கும் என்று காத்திருந்து படிப்பார்கள். மே மாதம் ஒரு தோல்விக்குப் பிறகு கோபத்தில் அவள் எழுதினாள்: "கால் இருக்கிறது, கை இருக்கிறது, மூளையும் இருக்கிறது. மோதும்போது தோள் கொடுக்கத்தான் பையன் தயங்குகிறான்."

அந்தக் கடைசி வரி காட்டுத்தீயாகப் பரவியது. வானொலியில் ஒரு வாயாடி அதைப் படித்துக் காட்டினான். அடுத்த சனிக்கிழமை ஜெட் வேலிப் பக்கம் வந்தபோது யாரோ ஒருவன், "தோள் எங்கடா? வீட்டுல வச்சுட்டு வந்துட்டியா?" என்று கத்த, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கார்த்தும் சிரித்தான். எழுதியது வில்மா என்று அவனுக்கும் தெரியாது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எழுதியது தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம்தான் அது அவள் கண்ணில் பட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கால் பகுதி முடிந்த சைரன் ஒலித்ததும் ஆட்டக்காரர்கள் வேலியையொட்டி நடந்து போனார்கள். ஜெட்டின் வலப்பக்கம் வந்த குழுத்தலைவன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். நால்வர் சிரித்தார்கள். ஜெட் அவர்கள் முகத்தைப் பார்த்தான், பிறகு சிரித்தான். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

வில்மாவின் பென்சில் அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக அவள் சிரித்துவரும் சிரிப்பு அது.

ஏழு வயதில் வந்த புட்டாளம்மை அவளுடைய வலது காதைக் கொண்டுபோயிருந்தது. அம்மாவையும் இரண்டு மருத்துவர்களையும் தவிர யாருக்கும் அது தெரியாது. பள்ளியில் வலதுபக்கச் சுவரோரம் போய் உட்காருவாள். பணிமனையில் மேசையை மூலையில் போட்டுக்கொண்டாள். காது கேட்காத பக்கம் யாரும் வந்துவிடாதபடி உலகத்தையே இடதுபக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.

இடைவேளைக்குப் பிறகு அவள் பந்தைப் பார்க்கவில்லை. பையனை மட்டும் பார்த்தாள். நடுக்களத்தில் நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் ஜெட் கூட்டத்தின் வலதுகோடிக்குப் போய் நின்றான். இடதுபக்கத்திலிருந்து குரல் வந்தால் உடனே திரும்பினான். வலப்பக்கத்திலிருந்து 'பின்னாடி ஆள்' என்று தோழர்கள் அலறியும் திரும்பவில்லை; ஆள் வந்து மோதினான்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பினாள். மூன்றாவது ஆட்டம் வரை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆடியிருந்தான். அந்த மூன்றாவது ஆட்டத்தில், 'முழங்கை, வலது காதோரம். எழுந்தான். தலையை உதறினான். மருத்துவர் பார்த்து அனுப்பினார்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு பின்னாலிருந்து பிடிபட்டது பதினோரு முறை. ஒன்பது முறை வலப்பக்கம். கையெழுத்து அவளுடையதுதான். இத்தனையையும் எழுதியவள், கூட்டிப் பார்க்காமல் 'தோள்' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஒரே பேருந்துக்கு இரண்டு ஓட்டுநர்களைப் போட்டுவிட்டு, ஒரு தடத்துக்கு ஆளே போடாமல் விட்டாள். பதினேழு ஆண்டில் அப்படி நடந்ததில்லை. அரட்டைத் தளத்தைத் திறப்பாள், நான்கு வரி தட்டுவாள், அழிப்பாள். அங்கே எழுதினால் அடுத்த எதிரணி அவன் வலப்பக்கமே ஆளை அனுப்பும். எழுதாவிட்டால் வேலியோரம் அந்த வசை தொடரும். கழக மருத்துவருக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். ஒரு பையனின் ரகசியத்தை அவன் முதுகுக்குப் பின்னால் அஞ்சலில் போடுவதா என்று தோன்றிக் கிழித்தாள். தன் ரகசியத்தை யாராவது அப்படிச் செய்திருந்தால் அவளால் மன்னித்திருக்க முடியாது.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பயிற்சி பார்க்கப் போனாள். வேலியோரம் நாயோடு வந்த இரண்டு பேரும் அவளும்தான். பயிற்சி முடிந்து ஜெட் தனியாக நின்று கோலை நோக்கி உதைத்துக்கொண்டிருந்தான். அவன் வலப்பக்கம் நின்று, "வார்னெக் தம்பி" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அசைவில்லை. நடந்து சுற்றி இடப்பக்கம் போய் அதைவிட மெதுவாகக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையெழுத்துப் போடுவதற்காக வந்தான்.

"கையெழுத்து வேணாம்பா," என்றாள். "உனக்கு வலது காது எப்பலேருந்து கேக்கல?"

பையனின் முகம் சுண்டிப்போனது. "யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கும் அந்தப் பக்கம்தான். ஏழு வயசுலேருந்து."

அவன் உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நிற்கும்போதே இடது காதை அவள் பக்கம் திருப்பினான். அவளும் அதையே செய்ததால் இருவரும் கொஞ்சம் கோணலாக நிற்க வேண்டியிருந்தது.

"ஆகஸ்ட்ல ஒப்பந்தம் முடியுது," என்றான். "இப்பச் சொன்னா அவ்ளோதான், தூக்கிப் போட்டுருவாங்க. தலையில அடின்னு ஒரு தடவ பேரு வந்துட்டா வேற எந்தக் கழகமும் தொடாது."

"தலை சுத்துதா?"

அவன் பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறினான்.

"தம்பி, ஒத்தக் காதோட நான் இவ்ளோ காலம் ஓட்டிட்டேன். எனக்கு ஒரு நாளும் தலை சுத்துனதில்ல."

"படி ஏறும்போது," என்றான். "சில நேரம் குனிஞ்சு பந்த எடுக்கும்போது. தர சாயுற மாதிரி."

"அப்ப இது காதோட போற சங்கதி இல்ல."

"நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அந்த வாக்க நான் தர மாட்டேன்," என்றாள் வில்மா. "நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லி அவங்களுக்குத் தெரியக் கூடாது." பிறகு, சொல்லாமல் போனால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்து, சொல்லிவிட்டாள். "தோள் கொடுக்கத் தயங்குறான்னு எழுதினது நான்தான்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"எங்கப்பா அத எனக்கு அனுப்பி வச்சாரு," என்றான். "கூட ஒரே வார்த்தை. 'உண்மையா?'ன்னு."

பிறகு பந்தைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் இருந்தது. வில்மா வேலியோரம் நின்றாள், ஆனால் நோட்டைத் திறக்கவில்லை. முதல் கால் பகுதியில் நான்கு தடவை அவன் கைக்குப் பந்து வந்தது. நன்றாகவே ஆடினான். ஸ்பைரோ, "பாத்தியா, திட்டுனாத்தான் இவனுக்கு ரோஷம் வருது," என்றான். இரண்டாவது பகுதியில் தரையில் உருண்ட பந்துக்கு ஜெட் குனிந்தான். வலப்பக்கத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் ஓடி வந்தான். மைதானத்தில் பாதிப் பேர் பார்த்துக் கத்தினார்கள். அந்த இரைச்சலில் எந்தப் பக்கம் என்று பையனுக்குப் பிடிபடவில்லை. மோதியதில் இருவரும் புரண்டார்கள். ஜெட் எழுந்தான், ஒரு முழங்காலில் ஊன்றி, புல்லை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு. வலியால் எழ முடியாதவன்போல் இல்லை. தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறவன்போல் இருந்தது.

வில்மா திரும்பி நடந்தாள். ஆட்டம் முடியுமுன் அவள் வெளியேறியதே கிடையாது. எங்கே போறே என்று கார்த் கேட்டது காதில் விழுந்தது. கறி அடைத்த மீட் பை விற்கும் கடையையும் வாயிலையும் தாண்டி ரயில் நிலையம் வரை போனாள். வந்த ரயிலில் ஏறவில்லை. திரும்பி வாயில் வரை வந்தாள். உள்ளே போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கூட்டம் இரைவதும் அடங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு இரைச்சலும் எதற்கென்று தெரியவில்லை. கேட்கும் காதைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தாள், அது உதவவில்லை. மருத்துவரைத் தேடிப் போய்த் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயிற்காவலரிடம் சீட்டை நீட்டியபோது கைபேசி அடித்தது.

ஸ்பைரோதான். "எங்கடி போய்த் தொலஞ்ச? உன் பையன் ரெண்டாம் பாதிக்கு வரல. உடுப்ப மாத்திக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கான். டாக்டர் பக்கத்துல."

"அடிபட்டதுக்கா?"

"அப்படித் தெரியல. அவனேதான் போய் ஏதோ சொன்னான். நான் பாத்தேன்."

வில்மா சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கழகம் அறிக்கை வெளியிட்டது: உள்காதில் காயம், ஏப்ரல் முதல், இந்த ஆண்டு இனி ஆட மாட்டான். அரட்டைத் தளத்தில் இரண்டு கட்சியானது. சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர், மறைத்து ஆடி அணியைக் கவிழ்த்தான் என்றார்கள். முந்தின வாரம் வசை பாடியவர்களே இப்போது கழக மருத்துவரைத் தூக்கில் போட வேண்டும் என்று எழுதினார்கள். அங்கே நியாயம் காற்றாடிபோலத்தான் சுழலும்.

அந்த ஞாயிறு தென்கோடி மூன்று பத்தி எழுதினாள். தோள் பற்றிய வரி தவறு; எழுதி வைத்ததைத் தானே படிக்காமல் சொன்ன தீர்ப்பு. தனக்கும் ஒரு காது இல்லை. அதை மறைக்க எத்தனை சாமர்த்தியம் வேண்டும் என்று தெரிந்தும் இரண்டு மாதம் கண்டுபிடிக்கவில்லை. கீழே தன் உண்மைப் பெயரைப் போட்டாள். போட்ட பிறகு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை.

முதலில் கார்த் கூப்பிட்டான். தென்கோடி நீதானா என்று அவன் கேட்கவில்லை. "இருவத்திரெண்டு வருஷமா அந்தக் கோடியில நிக்கிறே. எங்க மூஞ்சியப் பிடிக்காமத்தான் தள்ளி நிக்கிறேன்னு ஸ்பைரோ சொல்லுவான்," என்றான்.

"உங்க பேச்சு கேக்கணும்னுதாண்டா அங்க நின்னேன்."

கேட்கும்படியாக ஸ்பைரோ என்ன உருப்படியாகப் பேசிவிட்டான் என்றான் கார்த்.

கழகம் ஜெட்டைக் கைவிடவில்லை. பெரிதாகத் தாங்கவும் இல்லை. ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒப்பந்தம் நீட்டித்தது. குளிர்காலம் முழுவதும் அவன் அசையும் பலகைமேல் நிற்கப் பழகினான். தலைச்சுற்றல் நின்றது, காது பாதிதான் திரும்பியது. மறு ஆண்டு மார்ச்சில் களத்துக்கு வந்தபோது தோழர்கள் அவனை வலப்பக்கம் தொட்டுச் சொல்லப் பழகியிருந்தார்கள். இருபது முறை பந்து எடுப்பான், அடுத்த வாரம் பத்து. ஜூனில் இரண்டு வாரம் இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தான். தேறுவானா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கார்த் இரண்டு ஆண்டில் பார் என்கிறான். நல்ல விலைக்கு இப்போதே மாற்றிவிட வேண்டும் என்கிறான் ஸ்பைரோ.

வில்மா இரக்கப்பட்டு மதிப்பெண் போடுவதில்லை. போன சனிக்கிழமை கோலுக்கு முப்பது மீட்டரில் ஆளில்லாத இடத்தில் நின்று இடதுகாலால் உதைத்துக் கோட்டைவிட்டான். அவள் வேலியைப் பிடித்து உலுக்கி, "அந்தக் காலை எத்தன வருஷமாடா பழக்கப்படுத்துவ?" என்று கத்தினாள். பையன் நிமிர்ந்து அவள் நின்ற பக்கம் பார்த்தான். கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் பந்து மறுபடி நடுக்களத்துக்கு வந்துவிட்டது, அவன் ஓடினான்.