அடுப்புச் சாம்பலும் வெள்ளி டம்ளரும்

நான் இரண்டாம் தாரமாகக் கல்கத்தா வந்தேன். அவருக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பவானிபூரில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. மூத்தவள் ஜுரத்தில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் பெண்ணுக்கு ஆறு வயது. என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாள். வேறு எது சொல்லியும் கூப்பிட மாட்டாள். நானும் கேட்கவில்லை.

மூத்தவளுக்குப் பிறந்தகத்தில் சீராகக் கொடுத்த வெள்ளி டம்ளர் ஒன்று இருந்தது. விளிம்புக்குக் கீழே அவள் பேரைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. அந்தப் பெண் அதில்தான் தண்ணீர் குடிப்பாள்.

மழை விட்ட சமயம், மூத்தவளின் தம்பி வருவதாகக் கடிதம் வந்தது. அவர் வாசித்துக் காட்டினார். குழந்தையை நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் கையோடு ஊருக்குக் கூட்டிப்போய்விடுவானாம்.

"பார்த்து நடந்துக்கோ" என்றார்.

அவள் போய்விடக் கூடாது என்றிருந்தது எனக்கு. பேசாவிட்டாலும் பகல் முழுக்க அந்த வீட்டில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

வீட்டைக் கழுவினேன். அவள் பாவாடையைத் தைத்தேன். அப்புறம் டம்ளரைப் பார்த்தேன். கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. அந்தப் புகைக்கு வெள்ளி ஒரு வாரம் தாங்காது. கறுத்துக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் விபூதியைத் தொட்டுத் துணியால் துடைப்போம். கொண்டுவந்த விபூதி நெற்றிக்கே போதவில்லை. சாம்பல்தானே என்று அடுப்பிலிருந்து எடுத்தேன். ஊரில் வரட்டிச் சாம்பல் மாவு மாதிரி இருக்கும். இது நறநறவென்று மணல் மாதிரி. அது எனக்கு உறைக்கவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன். பேர் குத்தின இடத்தில்தான் கறுப்பு அதிகம். அங்கே அழுத்தித் தேய்த்தேன்.

கழுவினபோது டம்ளர் வெளுத்திருந்தது. எல்லாப் பக்கமும் கீறல். பேர் இல்லை. இரண்டு மூன்று புள்ளி மிச்சம்.

தீதி என்று நான் கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி அக்கா இறங்கி வந்து பார்த்தாள். எனக்குப் புரியட்டும் என்று வங்காளியில் மெதுவாகச் சொன்னாள்.

"இது பித்தளைக்குப் போடுறதுடி. மதராஸிப் பொண்ணுக்குக் கை பலம் ஜாஸ்தி. வெள்ளிக்குப் பூந்திக்கொட்டை ஊறின வெந்நீர் போதும். போகலேன்னா சீமைச்சுண்ணாம்பைச் சலிச்சு, பழந்துணியில் தொட்டு மெள்ளத் தடவணும். எழுத்துக்குள்ள இருக்கிற கறுப்பைத் தொடாதே. அது இருந்தாத்தான் எழுத்து தெரியும்."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன்.

தம்பி வந்தான். அந்தப் பெண் அவனுக்குத் தன் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தான்.

"அத்திம்பேர், அக்கா பேர் எங்கே?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். அழிஞ்சுபோச்சு" என்றேன்.

"டம்ளர் இருக்கு. பேர் மட்டும் அழிஞ்சுதாக்கும்."

"ஆமாம்."

"வந்து ஆறு மாசம்கூட ஆகலை. சுறுசுறுப்புதான்."

இவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரை மடித்தார்.

"குழந்தைக்குத் துணிமணி எடுத்து வை" என்றார்.

மூன்றாம் நாள் காலை ஹவுரா ஸ்டேஷனுக்குப் போகக் குதிரை வண்டி வந்தது. ஏறும் முன் அவள் என்னிடம் வந்தாள்.

"நீயா அழிச்சே?"

"தேய்க்கறச்சே அழிஞ்சுது."

"எதுக்குத் தேய்ச்சே?"

"உன் மாமா பார்க்கறச்சே பளபளன்னு இருக்கட்டும்னு."

"கறுப்பாவே இருந்திருக்கலாம்" என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அப்புறம் அவள் கல்கத்தா வரவில்லை. வருஷங்கள் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாமாவும் மாமியுமே கன்னிகாதானம் செய்து கொடுத்தார்கள். இவர் மட்டும் லீவு போட்டுப் போய்வந்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"உசரமா இருக்கா" என்றார்.