அக்கா என்னிடம் நீட்டிய புட்டி

எங்கள் அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்கிறார்கள். நான்காம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மொரப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார்கள். பாதிரியார் பள்ளியில் இருவரும் படித்தோம். மாரண்டஹள்ளியில் வாழ்க்கைப்பட்டு, இளவயதிலேயே மாமாவை இழந்து, காய்கறி விற்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார்கள். என்னையும் அதே ஊரிலேயே கட்டிக்கொடுத்தார்கள்.

கடையில் எதை எடுத்தாலும் ஒட்டியிருக்கும் சீட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். "வாத்தியாரம்மா வந்துட்டாங்க, இன்னிக்குப் பொழுது போனாப்பலதான்" என்று கடைக்காரர் கேலி செய்வார். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது இருமலுக்குச் சந்தையில் ஒரு மருந்து வாங்கினேன். அக்கா அதைப் பிடுங்கி, அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுப்பவன் அந்த மகன்தான்.

உலகச் சண்டை முடிந்த வருடத்திலிருந்து அக்கா எதை வாங்கினாலும் என்னிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். படித்தது மறந்துபோச்சா என்று பார்க்கிறேன் என்பார்கள். நாலு பேர் நடுவில் திக்கித் திக்கிப் படிப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

போன வருடம் வயிற்றுவலிக்கு மருந்து வாங்கப் போனோம். கடையில் நல்ல கூட்டம். அக்கா அலமாரி வரிசையிலிருந்து ஒரு சிவப்புப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்கள்.

"இத்தன பேரு முன்னால என்னைய எதுக்குங்கக்கா? நீங்களே படிச்சிக்குங்க" என்றேன்.

அக்கா புட்டியை முகத்தருகே கொண்டுபோனார்கள். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்கள். "எப்பவும் வாங்கறதுதான்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அது மூட்டுவலிக்கு மேலே தேய்க்கிற தைலம். இரண்டு நாள் குடித்திருக்கிறார்கள். தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் புட்டியில் இருந்த சீட்டைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்து, "ரெண்டு வருசமா எழுத்தே தெரியல புள்ளே. உங்கிட்டச் சொல்லவும் கூச்சமா இருந்துச்சு" என்றார்கள். மறுநாள் விடியலில் போய்விட்டார்கள்.

கூச்சம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

மாடுகளை நிறுத்தாமல் வண்டி ஓட்டிவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கூட இருந்து பார்த்த எல்லோருக்கும் கை கூப்புகிறேன். அச்சகத்தாருக்கும் நன்றி. இந்த மலரில் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள். வயதானவர்கள் யாரிடமும் நீட்டாமல் தாங்களே படித்துக்கொள்ளட்டும்.