பிரிக்காத சீட்டுக் கவர்

ஞாயிறுகளில் மட்டும் கார் சுத்தம் செய்து தருவதென்று தலத்தெருவில் எங்கள் வீட்டு வாசலில் தொழில் தொடங்கினேன். முதல் காரின் கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாடை அடித்தது.

“சீட்டுக் கவரை மட்டும் பிரிச்சிடாதீங்க, பழசாயிடும்” என்றார் கார்க்காரர்.

துபாயிலிருந்து திரும்பி வாப்பா வாங்கிய காரிலும் இதே வாடைதான். தொடை கவரில் ஒட்டிக்கொள்ளும், உரித்தெடுத்துத்தான் இறங்குவோம். கவரைப் பிரிக்கச் சொல்லி உம்மா கேட்கும்போதெல்லாம், “பெருநாளைக்குப் பிரிச்சுக்கலாம்” என்பார் வாப்பா. எத்தனையோ பெருநாள் போனது. காரை விற்ற அன்று, வாங்கியவர் எங்கள் வாசலிலேயே கவரைக் கிழித்துப் போட்டார். உள்ளே மெத்தென்ற வெல்வெட். உம்மா அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். கார் கிளம்பிவிட்டது.

முதல் வாடிக்கை கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று கார்க்காரரிடம் சொன்னேன்: “பிரிச்சிடலாங்க. உங்க வீட்டு ஆளுங்க உக்காரட்டும்.”