ஸ்டார்ட் ஆகாத வண்டியும் என் வலது காலும்

எங்கள் வண்டிக்கு சீட் கிடையாது. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் "சீட்டை யாரு கழட்டுனாங்க?" என்றுதான் கேட்பார்கள். ட்ரையல்ஸ் பைக் என்றால் அப்படித்தான், நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். பாறை, பள்ளம், சறுக்கு எல்லாவற்றிலும் நடக்கிற வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு பாயிண்ட் தண்டம். வண்டி நடுவில் நின்றுபோனால் ஐந்து. கடைசியில் யாருக்குத் தண்டம் குறைவோ அவர்தான் கெட்டிக்காரர்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நான் அசெம்ப்ளி லைன் ஆபரேட்டர். என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. செகண்ட் ஹேண்டில் இந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கியவர் அவர். ஆனால் அவர் ஏறினால் முதல் கல்லிலேயே இறங்கிவிடுவார். நான் ஏறினால் இறங்க மனசு வராது. ஆகவே ஓட்டுவது நான், பழுது பார்ப்பது அவர் என்று தானாகவே பங்கு பிரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிசு. கம்பெனி கம்பெனியாக வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் பிடித்து நிறுத்த முடியாது. ஸ்பேனர் செட், மிக்சி, அயர்ன் பாக்ஸ், டிவி ரிமோட் எதுவும் தப்பாது. போன வருஷம் ட்ரையல்ஸ் வண்டிக்கும் தலை முதல் கால் வரை சந்தனமும் குங்குமமும் வைத்தார். சாமிக்கு வைத்த பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது, தானாகத்தான் போக வேண்டும் என்பது அவர் சட்டம். வண்டி துடைக்கும்போதுகூடப் பொட்டைச் சுற்றித்தான் துணி போகும்.

அதற்கு அடுத்த வாரம்தான் தொல்லை ஆரம்பித்தது. கெலமங்கலம் போகிற வழியில் ஒரு பாறை மேடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழகுகிற இடம். வண்டி நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும். நாலு பாறை ஏறி இறங்குவதற்குள் இருமும், திணறும், செத்துவிடும். அதற்குப் பிறகு நான் எத்தனை உதை உதைத்தாலும் அசையாது. டேங்க் வெள்ளை பிளாஸ்டிக். பெட்ரோல் இருப்பது வெளியிலிருந்தே தெரியும். வேர்த்து விறுவிறுத்து, கீழே புளியமரத்தடியில் டூல் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கிற அவரிடம் தள்ளிக்கொண்டு வருவேன்.

அவர் எதையும் முறையாகச் செய்கிற ஆள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, ஆயில் கலந்தது சரியா என்று பெட்ரோலை மோந்து பார்ப்பார். மூடுவார். வேஸ்ட் துணியில் கையைத் துடைப்பார். பிறகு ஒரே ஒரு கிக். வண்டி பறக்கத் தயாராக நிற்கும்.

"ஸ்டார்ட் ஆவுது பாரு" என்பார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ப்ளக் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு மோந்து பார்த்து, கையைத் துடைத்து, ஒரே கிக்கில் கிளப்பிக் காட்டுவார். மேட்டுக்குப் போனால் எனக்கு மறுபடியும் அதே கதை.

பர்கூர்ப் பக்கம் கைவிட்டுப்போன ஒரு கிரானைட் குவாரியில் வண்டிக்காரர்கள் கூடி ஒரு போட்டி வைப்பதாக இருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் கிருஷ்ணகிரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாய். எங்களுக்கு ப்ளக் கொடுத்தவரும் அவர்தான். நான் முதல்முறையாகப் பெயர் கொடுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, வீட்டில் இவர் 'ஏன் ஏன்' போட ஆரம்பித்தார். கம்பெனியில் மெஷின் நின்றால் அப்படித்தான் செய்வார்கள். ஏன் நின்றது, அது ஏன் ஆனது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் மூல காரணம் கிடைத்துவிடுமாம்.

"வண்டி ஏன் ஸ்டார்ட் ஆவல? உன் கையில. ஏன் உன் கையில? கிக்கு பத்தல. ஏன் பத்தல? கிக்கரைப் பாதியிலயே விட்டுடற. அடுத்த வருஷம் போலாம்மா, காலு நல்லா பழகட்டும்."

எத்தனை வருஷமாக நான் லைனில் நிற்கிறேன். எந்த மெஷின் கெட்டாலும், எத்தனை ஏன் கேட்டாலும், கடைசியில் வந்து நிற்கிற இடம் 'ஆபரேட்டர் மிஸ்டேக்'தான். கம்பெனியில் கேட்டால் பழகிவிட்டது. ரசம் ஊற்றுகிற நேரத்தில் என் வீட்டிலேயே கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை வெளியில் காட்டாமல், "நான் போவேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி பஸ்ல போறேன்" என்றேன். வண்டி இல்லாமல் பஸ்ஸில் போய் என்ன செய்வேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான்.

குவாரியில் நல்ல கூட்டம். பெங்களூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் இரண்டு இடங்களையும் கால் ஊன்றாமல் கடந்தேன். பாய் விசில் அடித்தார். மூன்றாவது, படிக்கட்டு மாதிரி வெட்டிவிட்ட கல். உச்சிக்கு ஏறியதும் வண்டி இருமியது. திணறியது. செத்தது.

உதைத்தேன். மறுபடி உதைத்தேன். "பெட்ரோல் இதியா?" என்று கன்னடத்தில் ஒருவர் கேட்டார். "இதே, இதே", இருக்கிறது என்றேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர், ஊருக்கே கேட்கிற மாதிரி, "முழுசா மிதிம்மா! பாதியில வுடாத!" என்று கத்தினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கிக்கரை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். சரி, நானும் கேட்கிறேன் ஏன் என்று. அவர் காலுக்கு மட்டும் ஏன் ஸ்டார்ட் ஆகிறது? என்னைவிட ஒல்லிக் கால். அவர் செய்கிற எதை நான் செய்வதில்லை? கை துடைப்பதில்லை. மோந்து பார்ப்பதில்லை. மோந்து பார்க்க வேண்டுமென்றால் மூடியைத் திறக்க வேண்டும்.

திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஒடுங்கிப்போயிருந்த டேங்க் டொக்கென்று பழைய உருவத்துக்கு வந்தது. மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போவதற்காக நட்ட நடுவில் ஒரு பொடி ஓட்டை இருக்க வேண்டும். அந்த இடத்தில், சிமெண்ட் மாதிரி இறுகிப்போய், அழகாக ஒரு சந்தனப் பொட்டு.

கழுத்துச் செயினில் எப்போதும் கிடக்கிற ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தினேன். சாமி மன்னிக்கட்டும். மூடினேன். கையைக்கூடத் துடைத்தேன். ஒரே கிக். குவாரி முழுக்க எதிரொலித்தது அந்தச் சத்தம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் கேட்டதில்லை.

கீழே வந்து மூடியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார். மோந்து பார்க்க மூடியைத் திறந்ததால்தான் தன்னிடம் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆனது என்பது அவருக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது.

இவருடைய 'ஏன் ஏன்' கதையை முன்பே கேட்டிருந்த பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, மூல காரணம் கெடச்சிதா?" என்றார்.

இவர் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எப்பவும்போல ஆபரேட்டர் மிஸ்டேக்தான்" என்றார் பாய். "வண்டி ஆபரேட்டர் இல்ல. சந்தனக் கிண்ணத்து ஆபரேட்டர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் இவரும் சிரித்துவிட்டார். நான் பரிசு எதுவும் வாங்கவில்லை, அந்த ஐந்து பாயிண்ட் தண்டம் தண்டம்தான். மிச்சமிருந்த பாறைகளில் ஒருமுறைதான் கால் ஊன்றினேன். அதுவும், கீழே அவர் 'நல்லா போற, நல்லா போற' என்று கத்தியதில் சிரிப்பு வந்து ஊன்றியது.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் கிண்ணத்தோடு வந்தார். வண்டி முன்னால் ரொம்ப நேரம் நின்று யோசித்தார். நான் மட்கார்டைக் காட்டினேன், அங்கே வைத்தார். டேங்க் பக்கமே கை போகவில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. சுவரோரம் கழற்றி வைத்திருந்த என் ரைடிங் பூட்ஸ் பக்கம் போய்க் குனிந்தார்.

"அய்யய்யோ, என்னாங்க இது? பூட்ஸுக்குப் போயி யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"ஆயுதத்துக்குத்தானே வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டில் எது என்று நிதானமாகப் பார்த்து, வலது கால் பூட்ஸில் வைத்தார்.